ஒரு குழுவை எத்தனை முறை அழித்து எழுதலாம்? லீஜனின் ரீபூட்டுகள், பக்கத்தில் எக்ஸ்-மென்

பேட்மேனை ரீபூட் செய்வது, அதாவது பழைய வரலாற்றை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது, பெரிய வேலை இல்லை. இருட்டுச் சந்து, துப்பாக்கிச் சத்தம், அறுந்து சிதறும் முத்துமாலை என்று ஒரு பக்கம் வரைந்தால் போதும், வாசகர் உள்ளே வந்துவிடுவார். குழு காமிக்ஸ் அப்படி இல்லை. இருபது, இருபத்தைந்து பேர் இருப்பார்கள். யார் யாரைக் காதலித்தார்கள், தலைவர் தேர்தலில் யார் யாரிடம் தோற்றார்கள், யாருடைய சாவை யார் இன்னும் மனதில் சுமக்கிறார்கள் என்பதுதான் அங்கே கதையே. இதழுக்கு இதழ் தொடர்ந்து வரும் கதை வரலாற்றை, அதாவது கண்டினியூட்டியை, துடைத்துப் போடும்போது சம்பவங்களோடு இந்த உறவுகளும் போய்விடுகின்றன. தனி ஹீரோவின் ரீபூட்டைவிடக் குழுவின் ரீபூட் வாசகரை அதிகம் காயப்படுத்துவது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதை அலச, பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனத்தின் 'லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்' போல இன்னொரு தொடர் கிடைக்காது. கிட்டத்தட்ட எல்லா வகை மாற்றத்தையும் அதன்மீது செய்து பார்த்துவிட்டார்கள்: ஒட்டுப் போட்டார்கள், ஆள் மாற்றினார்கள், முழுசாக அழித்தார்கள், மறுபடி அழித்தார்கள், கடைசியில் பழசுக்கே திரும்பினார்கள்.

முதலில் அடிப்படை. 1958இல் 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 247ஆம் இதழில் ஓட்டோ பைண்டர் எழுதி, ஆல் பிளாஸ்டினோ வரைந்த கதையில், எதிர்காலத்திலிருந்து மூன்று பிள்ளைகள் சூப்பர்பாயை, அதாவது சிறுவயது சூப்பர்மேனை, தேடி வருகிறார்கள்: காஸ்மிக் பாய், சாட்டர்ன் கேர்ள், பின்னாளில் லைட்னிங் லேட் என்று பெயர் மாறிய லைட்னிங் பாய். ஆயிரம் வருடம் கழித்தும் சூப்பர்பாயின் பெயர் நிலைத்திருக்கிறது, அவனைப் பார்த்துத்தான் இந்தக் குழுவே உருவானது. அழகான கரு. பின்னால் வந்த சிக்கல் எல்லாவற்றுக்கும் வேரும் இதேதான்.

1985-86இல் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' வந்து டிசி கதைகள் நடக்கும் பல இணை உலகங்களை ஒன்றாக்கியது. 1986இல் ஜான் பைர்ன் சூப்பர்மேனைப் புதிதாகத் தொடங்கியபோது, கிளார்க் சிறுவயதில் சூப்பர்பாயாக இருந்ததே இல்லை என்று ஆக்கிவிட்டார். சூப்பர்மேனுக்கு அது நல்லதுதான். ஆனால் யாரைப் பார்த்து லீஜன் உருவானதோ அவனே இல்லாமல் போனான். வேறொரு புத்தகத்தில் எடுத்த முடிவுக்கு லீஜன் விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒட்டும் மாற்றும்

1987இல் வந்த முதல் தீர்வு ஒட்டுப் போடுவது. லீஜன் இதுவரை சந்தித்த சூப்பர்பாய், டைம் டிராப்பர் என்ற வில்லன் உருவாக்கிய ஒரு சின்ன 'பாக்கெட்' பிரபஞ்சத்தைச் சேர்ந்தவன் என்றார்கள். அவன் இறந்தும் போனான். கணக்கு சரியாக வந்தது. பழைய கதை ஒன்றைக்கூட அழிக்க வேண்டியிருக்கவில்லை, நண்பர்களின் துக்கமும் உண்மையான துக்கமாகவே இருந்தது. அந்த இடத்தில் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

விடவில்லை. 1989 நவம்பர் தேதியிட்டு நான்காவது தொகுதி தொடங்கியது. ரசிகர்கள் 'ஃபைவ் இயர்ஸ் லேட்டர்' என்று சொல்வது இதைத்தான். கீத் கிஃபென், டாம் மற்றும் மேரி பியர்பாம் தம்பதி, ஆல் கார்டன் சேர்ந்து செய்தது. கதை ஐந்து வருடம் முன்னால் தாவியிருக்கிறது, லீஜன் கலைந்துவிட்டது. சில இதழ்களுக்குள்ளேயே சூப்பர்மேன் புத்தகங்களின் பதிப்பாசிரியர்கள், சூப்பர்பாயைப் பற்றிய பேச்சே இருக்கக் கூடாது என்று சொல்ல, கதைக்குள்ளேயே வரலாறு மாற்றப்பட்டது. சூப்பர்பாயின் இடத்துக்கு வேலர் என்ற பெயரில் மான்-எல், சூப்பர்கேர்ளின் இடத்துக்கு லாரல் காண்ட், டைம் டிராப்பரின் இடத்துக்கு கிளோரித் வந்தார்கள். ஆள் மாறினாலும் நடந்தவை பெரும்பாலும் நடந்தவைதான்.

இந்தத் தொடரை நான் விடாமல் சிபாரிசு செய்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கத்துக்குப் பெரும்பாலும் ஒன்பது கட்டங்கள், மூன்றுக்கு மூன்று. யார் பேசுகிறார்கள் என்று எழுத்து சொல்லாது, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். உடையும் மாறியிருக்கும், பலரும் ஹீரோ பெயரைவிட்டுச் சொந்தப் பெயருக்குப் போயிருப்பார்கள். முதல் இதழில், முன்பு சாமிலியன் பாயாக இருந்த ரீப் டேகில், பழைய காஸ்மிக் பாயான ராக் கிரின்னைத் தேடிப் பிராய்ல் கிரகத்துக்குப் போகிறான். வறுமையில் வாடும் கிரகம். ராக்கிடம் காந்த சக்தி இல்லை. இம்ஸ்க் கிரகமும் பிராய்லும் மோதிய போரில், வெனாடோ பே என்ற இடத்தில் போய்விட்டது. அந்தப் போரில் எதிர்ப்படையில் இருந்தவள் வயலெட். ஒரே குழுவில் வளர்ந்தவர்கள் இருவரும். கண்ணருகே தழும்போடு அவள் மறுபடி குழுவுக்குள் வரும்போது, அவளும் ராக்கும் ஒரே அறையில் நிற்கும் கட்டத்தில் வசனமே தேவைப்படாது. முப்பது வருட நட்பு நமக்குத் தெரியும். ரீபூட் செய்த குழுவை வைத்து இந்தக் காட்சியை எழுதவே முடியாது.

இதே ஆட்கள் துணிந்து செய்த இன்னொரு காரியம், லைட்னிங் லேட் விஷயம். 1963இல் அவன் இறந்தான். அதே வருடம், புரோட்டி என்ற சிறு ஜீவன் தன் உயிரைக் கொடுத்து அவனை மீட்டது. மீண்டு வந்தவன் உண்மையில் கார்த் ரான்ஸ் அல்ல, அவன் உடம்பில் குடியேறிய புரோட்டிதான் என்று பியர்பாம் தம்பதி எழுதினார்கள். பல ரசிகர்களுக்கு அது இன்றும் ஆறாத கோபம். எனக்கு அது பிடிக்கும். பழைய கதையின் ஒரு வரியைக்கூட வெட்டாமல், அந்தக் கதை மொத்தத்தையும் வேறு கண்ணால் திரும்ப வாசிக்க வைக்கிறது. நல்ல ரெட்கானுக்கு, அதாவது பழைய கதைக்குப் பின்னாளில் கொடுக்கும் புது விளக்கத்துக்கு, இதுதான் எனக்கு அளவுகோல்.

1994: முழு அழிப்பு

ஆள் மாற்றி மாற்றி யார் யாருடைய இடத்தில் என்பதே குழப்பமாகிவிட்டது. போதாததற்கு, லீஜனின் இளம் பிரதிகள் ஒரு கூட்டம் வந்து 'லீஜனேர்ஸ்' என்று தனிப் புத்தகமும் ஓடியது. 1994இல் டிசியின் பல தொடர்களிலும் பரவிய 'ஸீரோ ஹவர்' என்ற பெருங்கதை நிகழ்வைச் சாக்காக வைத்து 36 வருட வரலாற்றை மொத்தமாகத் துடைத்தார்கள். மார்க் வெய்ட், டாம் மெக்ராவ் முதலானோர் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினார்கள். லைட்னிங் லேட் லைவ் வயர் ஆனான், டிரிப்ளிகேட் கேர்ள் டிரையட் ஆனாள். ஃப்ளாஷ் பேரி ஆலனின் பேத்தி எக்ஸ்எஸ் போன்ற புது முகங்கள் வந்தார்கள்.

வருத்தம் இருந்தாலும், புதிதாக வாசிப்பவருக்கு இதைவிடத் தெளிவான வாசல் லீஜனில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்தக் குழு தன் கண்ணெதிரிலேயே சேர்வதை வாசகர் பார்க்கிறார். வேலை பொறுமையாக நடந்தது, இரண்டு புத்தகங்களும் மாறி மாறி ஒரே கதையைக் கொண்டுபோயின. உறவுகளை முதலிலிருந்து வளர்க்க அவர்களுக்குப் பத்து வருடம் கிடைத்தது. அந்தப் பத்து வருடம்தான் இந்த ரீபூட்டைக் காப்பாற்றியது.

பழசைத் தெரிந்தவர்களையும் அவர்கள் கைவிடவில்லை. ஃபெர்ரோ லேட் கதையைச் சொன்னால் புரியும். 1966இல், பதின்வயதைத் தாண்டாத ஜிம் ஷூட்டர் அறிமுகப்படுத்திய பாத்திரம் அவன். 1967 பிப்ரவரி இதழில் குண்டைக் கையில் ஏந்தி, சூரியனை விழுங்கும் சன்-ஈட்டருக்குள் பாய்ந்து உயிரைவிட்டான். லீஜன் சரித்திரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சாவு. 1996இல் 'ஃபைனல் நைட்' என்ற தொடர் வருகிறது. அதே சன்-ஈட்டர், இந்த முறை நம் காலத்துப் பூமியின் சூரியனைத் தின்கிறது. காலம் தவறி இங்கே மாட்டிக்கொண்ட லீஜன் பிள்ளைகளோடு ஃபெர்ரோ என்றொரு இரும்புப் பையன். அவன் விண்கலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பழைய வாசகருக்கு நெஞ்சு அடைத்துவிடும், என்ன நடக்கப்போகிறது என்று தெரியுமே! ஆனால் கடைசி நேரத்தில் பாரலாக்ஸ் என்ற வில்லனாக மாறியிருந்த பழைய கிரீன் லேன்டர்ன் ஹால் ஜோர்டன் அவனைக் காப்பாற்றிவிட்டு, அந்தச் சாவைத் தான் ஏற்கிறான். ஃபெர்ரோ பிழைத்து லீஜனில் சேர்கிறான். பழைய கதையைத் தெரிந்தவருக்கு ஒரு அனுபவம், தெரியாதவருக்கு இன்னொன்று, இரண்டும் முழுமை. ரீபூட் செய்தே தீருவேன் என்பவர்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

பிற்பாதியில் டான் ஆப்னெட், ஆண்டி லானிங் இருவரும் பொறுப்பேற்று 'லீஜன் லாஸ்ட்' என்ற 12 இதழ்த் தொடரை எழுதினார்கள். வீட்டைவிட்டு வெகுதூரம் தொலைந்துபோன சிறு குழுவின் கதை, இருட்டாக, விறுவிறுப்பாக இருக்கும்.

2004, 2007

பத்தே வருடத்தில் அதையும் அழித்தார்கள். 2004 கடைசியில் தொடங்கிய மூன்றாவது லீஜனை எழுதியவரும் மார்க் வெய்ட், வரைந்தவர் பேரி கிட்சன். ஒரே எழுத்தாளர் ஒரே குழுவை இரண்டு முறை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்! கரு அருமையானது: எல்லாம் ஒழுங்காக, சலிப்பாகிவிட்ட 31ஆம் நூற்றாண்டில், பெரியவர்களின் கண்காணிப்புக்கு எதிராக எழும் இளைஞர் இயக்கம் லீஜன். பாத்திரங்களைப் புதிதாக யோசித்த விதமும் கெட்டிக்காரத்தனம். கொலோசல் பாய் இங்கே ராட்சத இனத்தில் பிறந்தவன், நம் உயரத்துக்குச் சுருங்குவதுதான் அவன் சக்தி, தன்னை மைக்ரோ லேட் என்று கூப்பிடுங்கள் என்கிறான். கருத்தளவில் எல்லா லீஜன்களிலும் புத்திசாலியானது இதுதான். ஆனால் யாரும் யாரோடும் வருடக்கணக்கில் பழகவில்லை. 16ஆம் இதழில் சூப்பர்கேர்ள் வந்து சேர, புத்தகத்தின் பெயரிலேயே அவள் முன்னால் போனாள். 37ஆம் இதழிலிருந்து ஜிம் ஷூட்டரே திரும்பி வந்தார், 50ஆம் இதழோடு 2009இல் மூடிவிட்டார்கள்.

அதற்குள்ளேயே, 2007இல், 'லைட்னிங் சாகா' என்ற கதை வழியாகப் பழைய லீஜன் திரும்பியிருந்தது. ஜெஃப் ஜான்ஸ் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 858 முதல் 863 வரை அவர்களை வைத்து எழுதினார், கேரி ஃபிராங்க் வரைந்தார். கதையாகப் பார்த்தால் பிரமாதம், கிளார்க்கின் தனிமைக்கு லீஜன்தான் மருந்தாக இருந்தது என்பதை இவ்வளவு நன்றாகச் சொன்ன கதைகள் குறைவு. தீர்வாகப் பார்த்தால் இதுதான் எனக்கு மோசமானது. 1989க்குப் பிறகு வந்த எதுவும் கணக்கில் இல்லை, அதற்கு முன்னால் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதும் தெளிவில்லை. 1994இல் உள்ளே வந்து பத்து வருடம் கூடவே இருந்த வாசகரிடம், நீ படித்தது அசல் இல்லை என்று சொன்னது போலாயிற்று. 'லீஜன் ஆஃப் த்ரீ வேர்ல்ட்ஸ்' தொடரில் ஜான்ஸும் ஜார்ஜ் பெரெஸும் மூன்று குழுக்களையும் ஒன்றாக நிறுத்தினார்கள். பெரெஸின் பக்கங்களில் ஒவ்வொரு முகத்தையும் தேடிப் பார்க்கலாம், அவ்வளவு உழைப்பு. ஆனால் 1994 குழுவுக்குக் கிடைத்த முடிவைப் பாருங்கள்: அவர்களுடைய பூமிக்கு, முதல் கதை வந்த இதழின் நினைவாக, எர்த்-247 என்று பெயர். அந்தப் பூமி அழிந்துவிட்டது, அவர்கள் ஊரற்றவர்களாகப் பிரபஞ்சங்களுக்கிடையே கிளம்புகிறார்கள்.

மார்வெல் என்ன செய்தது?

மார்வெல் நிறுவனத்தின் எக்ஸ்-மென், மியூட்டன்ட் எனப்படும் பிறவிச் சக்தி கொண்டவர்களின் குழு, 1963இல் தொடங்கியது, இன்றுவரை அடியோடு துடைக்கப்படவில்லை. ஆண்டுகள் நகர நகர, பழைய சம்பவங்களும் கூடவே நகர்ந்து வருவதாக வைத்துக்கொள்கிறார்கள். பிடிக்காததை அழிக்காமல், மேலே புதிதாக ஒன்றை எழுதுகிறார்கள். எக்ஸ்-மென்னின் முக்கிய எதிரி மேக்னெட்டோ நாஜி வதைமுகாமில் தப்பியவர், அந்த ஆண்டுகளை நகர்த்த முடியாது. நல்லவேளையாக, எழுபதுகளில் வந்த ஒரு கதையில் அவர் குழந்தையாக மாறி, பிறகு மறுபடி பெரியவராகியிருந்தார். வயதுக் கணக்குக்கு அது கைகொடுத்தது.

லைட்னிங் லேடுக்கு நேராக வைக்க வேண்டியவள் எக்ஸ்-மென்னின் ஜீன் கிரே. 1980இல் இறந்தாள். 1986இல் அவளைத் திரும்பக் கொண்டுவர, இறந்தது ஜீன் அல்ல, அவள் உருவில் இருந்த ஃபீனிக்ஸ் என்ற அண்டசக்தி என்றார்கள். ஜீன் ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தாளாம். விளைவு, ஜீனின் பழைய காதலன் ஸ்காட் சம்மர்ஸ் தன் மனைவி மேட்லினையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஜீனிடம் ஓடினான். பாத்திரத்துக்கே பெரிய களங்கம். டிசியாக இருந்தால் அடுத்த நிகழ்வில் அதைத் துடைத்திருப்பார்கள். மார்வெலில் அது அப்படியே கிடந்தது. கைவிடப்பட்ட மேட்லின் 'இன்ஃபெர்னோ'வில் கோப்ளின் குவீனாக எழுந்தாள், அந்தக் குழந்தை வளர்ந்து கேபிள் ஆனான். ஒரு மோசமான முடிவிலிருந்து முப்பது வருடத்துக்கான கதை முளைத்தது.

இந்த வழியிலும் தொல்லை இல்லாமல் இல்லை. புதியவர் எங்கே நுழைவது என்று தவிப்பார். அதற்காகத்தான் 2001இல் பக்கத்திலேயே 'அல்டிமேட் எக்ஸ்-மென்' என்று தனி உலகம் திறந்தார்கள். அசலைத் தொடாமல் ரீபூட் செய்ய நல்ல ஏற்பாடு. 2019இல் ஜொனாதன் ஹிக்மன், 1975 முதல் சாதாரண மனுஷியாகவே வந்துகொண்டிருந்த மொய்ரா மெக்டாகர்ட் உண்மையில் மறுபடி மறுபடி பிறக்கும் மியூட்டன்ட் என்று மாற்றினார். ஒரே மாற்றத்தில் மொத்தத் தொடரும் புதிதாகிவிட்டது. பழைய இதழ் ஒன்றும் செல்லாக்காசாகவில்லை.

அதே 2019இல் டிசி, பிரையன் மைக்கேல் பெண்டிஸையும் ரயன் சூக்கையும் வைத்து லீஜனை மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது, சூப்பர்பாயாக, சூப்பர்மேனின் மகன் ஜான் கெண்ட். சூக்கின் ஓவியம் கண்ணுக்கு விருந்து. ஆனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே இருப்பார்கள், பன்னிரண்டு இதழில் ஒருவரையும் நெருங்க முடியவில்லை.

என்னைக் கேட்டால், ஒட்டுப் போடும் வழிதான் முதலிடம். துடைத்தே ஆக வேண்டும் என்றால் 1994 மாதிரி செய்துவிட்டு, அதை அழிக்காமல் விட்டுவிட வேண்டும். லீஜனைப் படிக்க நினைப்பவர் முதலில் எழுத்தாளர் பால் லெவிட்ஸும் ஓவியர் கீத் கிஃபெனும் 1982இல் செய்த 'கிரேட் டார்க்னெஸ் சாகா'வை எடுங்கள், ஐந்தே இதழ், குழு முழுவதும் அதில் இருக்கிறது. அப்புறம் 'லீஜன் லாஸ்ட்'. இந்த மனிதர்களோடு ஓரளவு பழகிய பிறகே 'ஃபைவ் இயர்ஸ் லேட்டர்' பக்கம் போங்கள். முதல் நான்கைந்து இதழ்கள் தலை சுற்றும், பொறுத்துக்கொள்ளுங்கள்.