காசை வாங்கி நிற்பதா, அதே மலைக்கு ஏறுவதா, லேசான வேலையில் பேர் போடுவதா?

இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து எடுக்கிறார். வயது 46, சேவை 21 வருடம். மழை விட்ட ஒரு காலையில் நிறுவைக்குக் கூடையோடு இறங்கும்போது மழைநீர் ஓடும் கான் ஓரத்தில் வழுக்கி, வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டை அவிழ்த்த அன்று ராத்திரியே வீட்டில் மூன்று யோசனை வந்துவிட்டது.

முதலாவது, வேலையை விட்டுவிடுவது. "எழுதிக் குடுத்துட்டு நின்னுரும்மா, காசெல்லாம் ஒண்ணா வரும்" என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். மலையில் எத்தனையோ பேரை இந்த ஒரு வரிதான் வீட்டில் உட்கார வைத்திருக்கிறது. உண்மையில் அது மூன்று வேறு வேறு காசு. விபத்துக்கான நட்டஈடு 1934-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி வருவது. அதைக் கேட்பதற்கு வேலையை விட வேண்டியதே இல்லை. மாதாமாதம் சம்பளத்தோடு சேரும் சேமலாப நிதியை (EPF) பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். உடம்புக்கு முடியவில்லை என்று அதற்கு முன்பே முழுவதையும் எடுக்க, நிரந்தரமாக வேலைக்கு இயலாதவர் என்று வைத்தியர் எழுதித்தர வேண்டும். மணிக்கட்டு முறிவுக்கு யார் அப்படி எழுதுவார்?

அந்த மூன்றில், வேலையை விட்டதும் கையில் வருவது பணிக்கொடை மட்டும்தான். 1983-இன் 12-ஆம் இலக்கச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். 2024 செப்டம்பரில் வந்து அப்போது நடப்பில் இருந்த 1350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால் வருடத்துக்கு 18,900. அம்மாவின் 21 வருடத்துக்கு 3,96,900 ரூபாய். பெரிய தொகையாகத்தான் தெரிந்தது. தம்பி கொப்பியை எடுத்து மறுபக்கக் கணக்கையும் எழுதினான். ஒரு நாள் வேலை முழுதாகப் பதிவானால் அதுதான் ஒரு 'பேர்'; மாதம் 25 பேர் விழுந்தால் சம்பளம் 33,750. அதில் நம் பங்கு 8, தோட்டத்தின் பங்கு 12 என்று நூற்றுக்கு 20 வீதம், 6,750 ரூபாய் மாதாமாதம் சேமலாப நிதியில் ஏறும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) தோட்டம் கட்டும் 3 வீதம் வேறு. வீட்டில் ஒருவராவது செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், இல்லாவிட்டால், தோட்டம் தந்த லயக்காம்பரா வீட்டைக் காலி செய்யச் சொல்லும் பேச்சும் மெல்லத் தொடங்கும்.

முதுகுத்தண்டு அடிபட்டு எழும்பவே முடியாதவரை வேலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்ல நான் யார்? அவர்களுக்கு நிற்பதே சரி. ஆறுகிற காயத்துக்கு இது அவசரம்.

இரண்டாவது, அதே மலை. அம்மாவின் ஆசை இதுதான். "உக்காந்துட்டா ஒடம்பு கல்லாயிரும்" என்று, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டார். கொழுந்து கிள்ளுவதற்குப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒடிக்க வேண்டும், ஒடித்ததைத் தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிய மணிக்கட்டு திரும்ப வேண்டும். அவருக்கு இரண்டும் வரவில்லை. இடது கையால் எடுத்துப் பதினொரு கிலோ. எங்கள் தோட்டத்தில் 18 இருந்தால்தான் முழுப் பேர். பக்கத்து நிரைப் பெண்கள் கங்காணி பார்க்காத நேரம் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அம்மாவின் கூடையில் போட்டிருக்கிறார்கள். அப்படியும் மூன்று நாளும் அரைப் பேர்தான். நான்காம் நாள் விரல்கள் வீங்கி, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டி கேட்டார். அரைப் பேர் விழுந்தால் சேமலாப நிதிக்குப் போவதும் பாதி. கையும் கெட்டு காசும் குறையும் வழி இது.

மூன்றாவது, லேசான வேலை. "அப்படி ஒண்ணு இங்க இல்ல" என்று முதலில் கையை விரித்தார்கள். இருந்தது. தேயிலை நாற்றுமேடையில் பையில் மண் நிரப்புவது, கன்றுக்குத் தண்ணீர் விடுவது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கூடமாட உதவுவது எல்லாம் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் செய்யும் வேலைகள்தானே. ஜெர்மனியில் ஒருவர் 12 மாதத்துக்குள் 6 வாரத்துக்கு மேல் நோயில் இருந்தால், அவர் வேலைக்குத் திரும்பும் வழியைப் பற்றி முதலாளியே கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று சட்டம். இங்கே நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கேட்கிற விதத்தில்தான் காரியம் இருந்தது. வைத்தியர் தந்த முதல் துண்டில் "லேசான வேலை" என்று இரண்டே சொல் எழுதியிருந்தது. ஆபீஸ் அதை மதிக்கவில்லை. அம்மா திரும்பப் போய் வைத்தியரிடம் கேட்டு, கூடை சுமக்கக் கூடாது, ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, உட்கார்ந்து செய்யலாம், எட்டு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று வரி வரியாக எழுதி வாங்கினார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அதை வைத்துக்கொண்டு பேசி, நாற்றுமேடையில் முழுப் பேருக்கு ஒத்துக்கொள்ள வைத்தார். முழுப் பேர் என்பதை எழுத்தில் வாங்காமல் இந்த வழிக்குப் போக வேண்டாம். வாங்காவிட்டால் இரண்டாம் வாரமே "இத்தனை பை நிரப்பினால்தான் பேர்" என்று புதுக் கணக்கு வரும்.

நாற்றுமேடை சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். நிழலிலும் ஈர மண்ணிலும் காலையில் கை விறைத்துக்கொள்ளும். கூட கொழுந்து எடுக்கும் பெண்களின் செட்டை விட்டுத் தனியாக இருப்பதுதான் அம்மாவுக்குப் பெரிய வருத்தம். ஆனாலும் எட்டு வாரமும் பேர் விழுந்தது. ஒன்பதாவது வாரத்திலிருந்து இரண்டு நாள் மலை, மிச்ச நாள் மேடை என்று மாற்றிக் கேட்டோம், கொடுத்தார்கள்.

நட்டஈட்டுக்கு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம். விபத்து நடந்த அன்று மருந்துச்சாலைப் புத்தகத்தில் "விழுந்து கை முறிவு" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். வேலை நேரத்தில், மலையில், கூடையோடு இறங்கும்போது விழுந்தது என்று இல்லை. வேலையின்போது, வேலையால் வந்த காயம் என்று காட்டினால்தான் சட்டம் செல்லும். அன்று கூட நின்ற இரண்டு பெண்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது விழுந்தால், மருந்துச்சாலையை விட்டு வருவதற்குள் அந்தப் புத்தகத்தை வாங்கி வாசித்துப் பாருங்கள்.