ஆஸ்காருக்குத் துணை மீன்: கொளத்தூர் போனால் எதை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும்

வண்ண மீன் வகைகளுக்குச் சென்னை கொளத்தூரை மிஞ்சிய இடம் தமிழ்நாட்டில் இல்லை. பெரிதாக வளரும் சிக்லிட் குடும்பத்துத் தொட்டி மீனான ஆஸ்காரிலேயே டைகர், ரெட், அல்பினோ என்று பல ரகம் கிடைக்கும். அதோடு சேர்த்து வளர்க்கும் சில்வர் டாலர், செவரம், பிச்சிர் எல்லாம் ஒரே நாளில் நடந்து பார்த்து, ஒப்பிட்டு வாங்கலாம். ரகத்துக்கும் விலைக்கும் தாராளமாக முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் எதோடு எதை விடலாம் என்பதைக் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. இது கொளத்தூருக்கு மட்டுமல்ல, எந்த ஊர் மீன் கடைக்கும் பொருந்தும். கடையில் எல்லாமே இரண்டு மூன்று அங்குலக் குஞ்சுகள். அந்த வயதில் எதுவும் எதோடும் சேர்ந்து நீந்தும். ஆஸ்கார் ஒரு வருடத்தில் பத்து அங்குலத்தைத் தொட்டு, பன்னிரண்டு வரை வளரும். அந்தப் பன்னிரண்டு அங்குல மீனை மனதில் வைத்துத்தான் துணையைத் தேட வேண்டும்.

அதற்கு முன்னால் தொட்டி. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 255 லிட்டர். அது ஒரே ஒரு ஆஸ்காருக்குத்தான் போதும். துணை மீன் பேச்சே 6×2×2 அடியில்தான் தொடங்குகிறது: 680 லிட்டர், 12 மி.மீ. கண்ணாடி. மாடி வீட்டில் வைப்பதானால் தண்ணீர் மட்டுமே அறுநூறு கிலோவுக்கு மேல் என்பதை நினைவில் வையுங்கள். இவ்வளவு இடம் இல்லாதவர்கள் ஆஸ்காரைத் தனியாக வளர்ப்பதே அதற்குச் செய்யும் நல்லது.

இடம் இருந்தால் முதல் தேர்வு சில்வர் டாலர், சந்தேகமே வேண்டாம். ஆஸ்காரைப் போலவே தென் அமெரிக்க மீன் என்பதால் தண்ணீரும் வெப்பமும் ஒத்துப்போகும். ஆறு அங்குலம் வளரும் தட்டு போன்ற உடம்பு, ஆஸ்காரின் வாய்க்குள் நுழையாது. வேகமாக நீந்துவதால் துரத்தினாலும் மாட்டாது. ஆஸ்கார் எல்லை பிடிக்கும் தரைப்பக்கம் போகாமல் நடுத்தண்ணீரிலேயே சுற்றும். குறைந்தது ஐந்தாறு வேண்டும். இரண்டு மட்டும் விட்டால் பயந்து மூலையில் ஒதுங்கும், ஆஸ்காரின் கோபம் முழுக்க அந்த இரண்டின் மேல் விழும். இது இலை தின்னும் மீன். தொட்டியில் செடி தங்காது. லேசாக வெந்த பாலக்கீரை, வெள்ளரித் துண்டு போட வேண்டும். மிரண்டால் துள்ளும், எனவே மூடி கட்டாயம்.

வாங்கும்போது ஏமாறும் இடமும் இதுதான். சாப்பாட்டு மீன் சந்தையில் ரூப்சந்த் என்று விற்கும் பாக்குவின் குஞ்சு, பார்க்கக் கிட்டத்தட்ட சில்வர் டாலர் போலவே இருக்கும். சிலர் அதைப் பிரானா என்றும் விற்பார்கள். பாக்கு இரண்டடி வரை வளரும், ஆறடித் தொட்டியும் அதற்குக் காணாது. வயிறு முழுக்கச் சிவந்திருந்தால் பாக்கு. வயிறு வெள்ளியாக இருந்து, அடித்துடுப்பில் மட்டும் சிவப்பு தெரிந்தால் சில்வர் டாலர்.

அடுத்தது செவரம். எட்டு அங்குலம், சிக்லிட் குடும்பத்தில் ஓரளவு சாதுவானது. ஆஸ்காரைவிட ஓர் அங்குலம் பெரிதாக இருக்கும்போதே உள்ளே விட வேண்டும், சிறிதாக விட்டால் அடி வாங்கியே வளரும். டின்ஃபாயில் பார்ப் ஒரு அடி தாண்டும், கூட்டமாக வேண்டும், ஆறடிக்கு மேற்பட்ட தொட்டி இருந்தால் மட்டும் பாருங்கள். செனகல் பிச்சிர் தரையில் ஊர்ந்து திரியும், செதில் கவசம் போலக் கடினம். ஆனால் கண் பார்வை மந்தம், ஆஸ்கார் எல்லாவற்றையும் விழுங்கிய பிறகுதான் தீனியை மோப்பம் பிடித்து வரும். விளக்கை அணைத்த பின் அதற்கெனத் தனியாக மூழ்கும் தீனி போடாவிட்டால் மெலிந்து சாகும். ஆறு ஏழு அங்குலம் ஆனதையே வாங்குங்கள்.

'டேங்க் கிளீனர்' என்று சொல்லிக் கூடவே கொடுக்கும் சக்கர் மீனைப் பற்றி எச்சரிக்கை தேவை. சின்ன சக்கரை ஆஸ்கார் விழுங்கப் பார்க்கும். அது பக்கத்துடுப்பு முள்ளை விரித்துக்கொள்ளும். முள் தொண்டையில் மாட்டினால் இரண்டுமே போய்விடும். பெரிதானதோ, பசித்தால் இரவில் ஆஸ்காரின் பக்கவாட்டில் ஒட்டி மேல்தோல் வழவழப்பை உறிஞ்சும். மலத்தையும் தின்னாது, மாறாக அதிகமாகவே கழிக்கும். தேவையில்லை என்பதே எங்கள் முடிவு. ஏற்கெனவே வாங்கியவர்கள் தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள், நம் நீர்நிலைகளில் அது பரவியிருப்பது போதும்.

தொடவே கூடாதவை: ஃபிளவர்ஹார்ன், இது தனித் தொட்டி மீன், எந்தத் துணையும் ஆகாது. கான்விக்ட் என்ற சின்ன சிக்லிட் ஜோடி சேர்ந்து முட்டை வைத்தால் தன்னைவிட மூன்று மடங்கு பெரிய ஆஸ்காரையே மூலையில் தள்ளும். மலாவி சிக்லிட்டில் பல பாசி தின்னும் வகை, ஆஸ்காரின் புரதத் தீனியில் வயிறு ஊதும். பேரட் மீனின் வாய் சரியாக மூடாது, கடித்துத் தற்காத்துக்கொள்ள முடியாது. 'ஷார்க்' என்ற பெயரில் வரும் பங்காசியஸும் ரெட்டெய்ல் கேட்ஃபிஷும் ஒரு மீட்டர் தாண்டும்.

கடையில் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். ஓடி வந்து தின்னாத மீன், துடுப்பை ஒடுக்கி வைத்திருக்கும் மீன், அதே தொட்டியில் செத்துக் கிடக்கும் மீன் இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அடுத்த கடைக்கு நகருங்கள். ஆக்சிஜன் பாக்கெட் கேளுங்கள், பெரிய மீனுக்குத் தனித்தனிப் பை. வீட்டில் பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையால் எடுங்கள், பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. முதல் மூன்று வாரம் ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்த தனித் தொட்டியில், 50 லிட்டருக்கு 100 கிராம் கல் உப்பு. வெள்ளைப் புள்ளி நோய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இந்த மூன்று வாரத்தைத் தவிர்ப்பவர்கள்தான் பழைய மீனையும் சேர்த்து இழக்கிறார்கள்.

சேர்க்கும் நாளில் பெரிய தொட்டியின் கல், மரக்கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். தன் எல்லை எது என்று ஆஸ்காருக்குக் குழம்ப வேண்டும். வயிறு நிறையத் தீனி போட்டு, விளக்கை அணைத்து, புது மீன்களை ஒரே தடவையில் விடுங்கள். ஒன்றொன்றாக விட்டால் ஒவ்வொன்றும் தனியாக அடி வாங்கும். மூர்க்கமான ஆஸ்காராக இருந்தால் துளையிட்ட அக்ரிலிக் தடுப்பை ஒரு வாரம் நடுவில் வையுங்கள். முதல் இரண்டு நாள் துரத்தலும் நிறம் கறுப்பதும் சாதாரணம். துடுப்பு கிழிவது, செதில் உதிர்வது, ஒரு மீன் மேல்மூலையிலேயே ஒட்டிக்கொண்டு மூன்று நாள் தின்னாமல் இருப்பது சாதாரணமல்ல. அதை உடனே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். 'பழகிவிடும்' என்று காத்திருந்தால் காலையில் பிணம்தான் மிதக்கும்.

மீன் கூடினால் கழிவும் கூடும். மணிக்கு 3,000 லிட்டராவது சுற்றும் சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) அல்லது கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி), வாரம் 40 சதவீதத் தண்ணீர் மாற்றம், குழாய்த் தண்ணீருக்கு குளோரின் நீக்கி. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 40 பி.பி.எம்.முக்கு (லிட்டருக்கு 40 மி.கி.) கீழே இருக்க வேண்டும். தண்ணீர் கெட்டால் சாதுவான ஜோடியும் சண்டை போடும்.

கிளம்பும்போது இரையாகப் போடும் ஃபீடர் கோல்டு ஃபிஷ் ஒரு பை நீட்டினால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அதிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி ஆஸ்காரின் உடலில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும், கூடவே நோயும் வரும். அந்தக் காசில் நல்ல பெல்லட் (உருண்டைத் தீனி) ஒரு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள்.