அக்கூஸ்டிக் கிட்டாருக்கு எந்த ஆம்ப்: ரோலண்ட் ஏசி-33, ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி

இரண்டிலும் ஒரு கிட்டார், ஒரு மைக் போடலாம். ரோலண்டின் பெரிய பலம் பேட்டரி: 8 ஏஏ செல்கள் போட்டால் பார்க்கிலோ கடற்கரையிலோ வாசிக்கலாம். எடை ஏறக்குறைய 5 கிலோதான். இரண்டு 5 அங்குல ஸ்பீக்கர்கள் இருப்பதால் கோரஸ் (பல கிட்டார்கள் சேர்ந்து ஒலிப்பது போன்ற விளைவு) விரிந்து கேட்கும். வீட்டில் வாசிக்க அவ்வளவு இதம்.

ஆனால் ரோலண்டின் 30 வாட் என்பது இடதும் வலதும் சேர்த்த கணக்கு. கஹோன் (உட்கார்ந்து தட்டும் பெட்டித் தாளக் கருவி) வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்தால் திணறும். ஃபிஷ்மனில் 60 வாட், தாழ்ந்த ஒலிக்கு 6.5 அங்குல வூஃபர், உயர்ந்த ஒலிக்குத் தனி ட்வீட்டர். தாழ்ந்த ஈ கம்பியை அழுத்தி மீட்டும்போது மரத்தின் அதிர்வு அதில் கேட்கிறது, அதுதான் எனக்கு முக்கியம். எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள் மாட்டும் மூன்று முனை) வெளியீடு இருப்பதால் மேடை மிக்சருக்கு நேராகக் கொடுக்கலாம். சுமார் 9 கிலோ, கரண்டும் வேண்டும். சார்ஜ் செய்யும் வகை தனியாக இருக்கிறது.

கடையில் உங்கள் கிட்டாரையே மாட்டிப் பாருங்கள். சத்தத்தை ஏற்றி, ஆம்புக்கு எதிரே நில்லுங்கள். ஊளையிட்டால் ஃபிஷ்மனில் ஃபேஸ் பொத்தானை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) அழுத்துங்கள், பல நேரம் அதுவே அடக்கிவிடும்.

மேடைக்குப் போகிறவர் என்றால் ஃபிஷ்மன்தான் வாங்கச் சொல்வேன்.