பிளக்ஸ்காரன் காசு கொடுத்து வாங்கிய எட்டுப் படங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஓவியம் தெரிந்தவன் இல்லை. மதுரை சிம்மக்கல்லில் பிளக்ஸ், நோட்டீஸ், பத்திரிகை டிசைன் செய்கிற கடை வைத்திருக்கிறேன். 19 வருஷமாக என் வேலையே காலி இடத்தை நிரப்புவதுதான். காதணி விழா பிளக்ஸில் நாலு விரல் அகலம் சும்மா விட்டால் போதும், "அண்ணே, இங்கன நம்ம பெரிய மச்சான் போட்டோ ஒண்ணு போட்ரலாம்ல" என்று ஆள் வந்து நிற்பார். கூகுளில் கிடைத்த சிங்கத்தையும் கிரீடத்தையும் எடுத்து ஒட்டியே பிழைத்தவன், முதல் தடவையாகப் படத்துக்குக் காசு கொடுத்திருக்கிறேன். அதுவும் முக்கால்வாசி வெறுமையாகக் கிடக்கிற படத்துக்கு.

எல்லாம் அக்கா மகனால் வந்தது. பிலிப்பைன்ஸில், டாவோவில் மருத்துவம் படிக்கிறான். 2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, முழுச் சந்திர கிரகணம். நமக்கு ராத்திரி 11 மணிக்கு நிலா முழுக்க மறைந்து சிவந்தபோது அங்கே விடிகாலை ஒன்றரை. அந்த நேரத்தில் போன் போட்டான். "மாமா, நம்ம ஊர்ல ராகு கேதும்பாங்க, இங்க நிலாவ முழுங்குறதுக்கு வேற பாம்பு இருக்கு" என்று சொல்லி ஒரு படத்தை அனுப்பினான். கருநீலத் தாள். நடுவில் வெள்ளை வட்டம். வட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு கடி. அவ்வளவுதான்.

"பாம்பு எங்கடா மாப்ள?"

"தாள் பூரா பாம்புதான் மாமா."

அப்புறம்தான் உறைத்தது. கருநீலம் வானம் இல்லை, பாம்பின் உடம்பு. நிலா ஏற்கெனவே வாய்க்குள் இருக்கிறது. பாகுனாவா என்று பெயர். பிலிப்பைன்ஸின் நடுவில் இருக்கிற விசாயத் தீவுகள் பக்கத்துக் கதை. ஆதியில் ஏழு நிலா இருந்ததாம், கடலுக்குள் கிடந்த இந்தப் பாம்பு ஆறைத் தின்றுவிட்டதாம். கடைசி ஒன்றையும் கவ்வும்போது ஊர்ச்சனம் சட்டி பானையைத் தட்டிச் சத்தம் போட்டு அதைத் துப்ப வைப்பார்களாம். எங்கள் அம்மா கிரகணம் பிடித்தால் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நட்டமாக நிறுத்துகிறவர். விட்டதும் உலக்கை தானாகச் சாயும் என்பது கணக்கு. அவரிடம் போனில் படத்தைக் காட்டினேன். விளக்கம் எதுவும் கேட்கவில்லை. "பாதிதான் கடிச்சிருக்கு" என்றார்.

அந்த ஊர்ப் பழங்கதைகளை வைத்து வரைந்த ஒரு தொகுப்பில் இது ஒன்று. மறுநாளே மொத்தத் தொகுப்பையும் வாங்கினேன். எட்டுப் படம், 900 பேசோ. நம் காசில் ஏறக்குறைய 1,400 ரூபாய். என் கார்டைப் படம் விற்கிற இணையதளம் ஏற்கவில்லை, மாப்பிள்ளைதான் அங்கிருந்து கட்டினான். வரைந்தவர் டாவோவில் இருக்கிற ஒரு இளம்பெண் என்றான். படங்களில் தன் பெயர் போடுவதில்லை, கீழ் மூலையில் கடுகளவு பிறை ஒன்றுதான் கையெழுத்து. வந்தது ஒரு ஜிப் (zip) ஃபைல். உள்ளே ஏ3 அளவில் எட்டு ஜேபெக், சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று ஒரு பக்க உரிமக் கடிதம். கதை ஒரு வரிகூட இல்லை. படத்தின் பெயர் மட்டும்தான். இது எனக்குப் பெரிய குறை. ஒவ்வொரு படத்துக்கும் கதை கேட்டு மாப்பிள்ளையைத் தொந்தரவு செய்து, அவன் தங்கியிருக்கிற வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி, ஒரு வாரம் ஓடிவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்குக் கதை தேவைப்படாது, சரி. வெளியூர்க்காரனுக்கும் விற்கிறோம் என்றால் நாலு நாலு வரி எழுதி வைக்கலாம் இல்லையா?

அச்சுக் கதையையும் சொல்ல வேண்டும், வாங்குகிறவர்களுக்கு உதவும். என்னிடம் இருப்பது பிளக்ஸ் மெஷின். இந்த மாதிரிப் படத்தை அதில் ஓட்டினால் கிட்ட நின்று பார்க்கச் சகிக்காது. அதனால் ஊருக்குள் ஒரு டிஜிட்டல் பிரின்ட் கடையில் கொடுத்தேன். 300 ஜிஎஸ்எம் மேட் போர்டு, படம் ஒன்றுக்கு 80 ரூபாய். மறுநாள் போனால் எல்லாவற்றுக்கும் பளபளவென்று கிளாஸி லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறார்கள். "சார், எல்லாரும் இதான் கேப்பாங்க" என்றார் பையன். பாகுனாவாவின் கருநீலம் கத்தரிப்பூ நிறத்தில் வந்திருந்தது. நிலாவை முழுங்கிய பாம்பு கத்தரிக்காய் ஆகிவிட்டது. லேமினேஷன் அவர்கள் தப்பு, நிறம் ஃபைலின் தப்பு. திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் கொடுத்திருக்கிறார், அச்சுக்கான சிஎம்ஒய்கே இல்லை. ஆழ்ந்த நீலம் மாறும்போது மெஜந்தா அளவுக்கு மேல் ஏறிவிடும், உடனே ஊதா அடிக்கும். நானே உட்கார்ந்து மெஜந்தாவைக் குறைத்து, கொஞ்சம் கறுப்பு சேர்த்து, லேமினேஷனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து மறுபடி அடித்தேன். இரண்டாம் தடவை சரியாக வந்தது. 640 ரூபாய் தண்டம். படத்தில் நூறு சமாச்சாரம் இருந்தால் ஒரு நிறம் பிசகினால் யாருக்கும் தெரியாது. இரண்டே நிறத்தில் வேலை செய்கிறவர் அச்சுக்கும் தனி ஃபைல் தந்தாக வேண்டும்.

இனி மற்றப் படங்கள்.

காப்ரே. தாள் முழுக்கக் கறுப்பு, மேல் பக்கம் ஒரே ஒரு ஆரஞ்சுப் புள்ளி. பெரிய மரத்தின் மேல் உட்கார்ந்து புகை பிடிக்கிற ராட்சச உருவம் அது, புள்ளி அதன் சுருட்டுக் கங்கு. எனக்குச் சொந்த ஊர் செக்கானூரணிப் பக்கம். கருப்பசாமிக்குச் சுருட்டுப் படைத்து வளர்ந்தவனுக்கு இதற்கு வாய்ஸ் மெசேஜ் தேவைப்படவில்லை. ராத்திரி புளியமரத்தடியில் தனியாக நடந்தவனுக்கு அந்தப் புள்ளி போதும். ஒரே எச்சரிக்கை, முழுக் கறுப்பு என்பதால் விரல் ரேகை அப்படியே விழுகிறது. கண்ணாடி போட்டே ஆக வேண்டும்.

நூனோ சா புன்சோ. வெள்ளைத் தாளின் அடியில் மண் நிறத்தில் சின்ன மேடு. புற்றுக்குள் குடியிருக்கிற குட்டைக் கிழவர். பக்கத்தில் போகும்போது "தாபி தாபி போ" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்களாம். கொஞ்சம் ஒதுங்கிக்கிறீங்களா ஐயா என்கிற மாதிரி. அக்கா பார்த்ததும் செருப்பைக் கழற்றாத குறைதான். புற்று என்றால் புற்றுதானே.

மனனங்கல் நல்ல படம், ஆனால் வீட்டில் மாட்ட முடியவில்லை. ராத்திரியில் இடுப்போடு உடம்பைக் கழற்றி, மேல்பாதி மட்டும் இறக்கை முளைத்துப் பறந்துபோய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைத் தேடும் பெண். பெயருக்கே கழற்றிக்கொள்பவள் என்று பொருள். படத்தில் இருப்பது விட்டுவிட்டுப் போன கீழ்ப்பாதி மட்டும், பாவாடையோடு நிற்கிறது. இடுப்புக்கு மேலே வெறும் தாள். மைத்துனி மாசமாக இருக்கிறாள், மனைவி படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். நானும் வாதாடவில்லை.

டிக்பாலாங்தான் எனக்கு விழவே இல்லை. குதிரைத் தலையும் மனித உடம்புமாகக் காட்டு வழியில் ஆளைத் திசை மாற்றிச் சுற்றவிடுமாம். சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டால் வழி தெரியுமாம். ஓவியர் குதிரையை விட்டுவிட்டு, தையல் வெளியே தெரிகிற ஒரு சட்டையை மட்டும் வரைந்திருக்கிறார். மணிலாவில் இதைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்னவோ. கடைக்கு வந்த இரண்டு பேர் லாண்டரிக்கான விளம்பரமா என்று கேட்டார்கள்.

சரிமனோக் விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. தெற்கே மிண்டானாவோ தீவில் இருக்கிற மரனாவோ மக்களின் கதைப் பறவை அது. அலகில் மீன் தொங்கும், உடம்பு முழுக்கப் பல நிறம். அந்தப் பறவையின் உயிரே ஓகிர் என்கிற கொடிவேலைப்பாடுதான். இலையும் சுருளுமாக இறக்கையிலிருந்து வால் வரைக்கும் பின்னிக்கொண்டு போகும். இவர் அதை எல்லாம் வழித்துவிட்டு, ஒரு அரைவட்டம், ஒரு முக்கோணம், ஒரு மீன் என்று மூன்று துண்டில் நிறுத்திவிட்டார். ஆயிரங்கால் மண்டபத்து யாளியை எடுத்து, வாயையும் பல்லையும் சுருளையும் செதுக்கித் தள்ளிவிட்டு, வழவழவென்று தூணாக நிறுத்தி "இது யாளி" என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? பாகுனாவாவில் பாம்பை எடுத்துவிட்டால் பயம் கூடுகிறது. சரிமனோக்கில் கொடியை எடுத்தால் கோழிதான் மிச்சம். வீட்டுக்காரம்மாவும் படத்தைப் பார்த்துவிட்டு, இதை லனாவோக்காரர்களிடம், அதாவது அந்த மரனாவோ ஆட்களிடம், காட்டாதே என்றாராம்.

பத்தாலா என்ற படத்தில்தான் ரொம்ப நேரம் நின்றேன். மணிலாப் பக்கத்து டகாலோக் மக்களின் பெருந்தெய்வம். உருவம் இல்லை, பைபாயின் எழுத்தில் பெயர் மட்டும், மணல் நிறத் தாளில் மூன்று எழுத்து. ஸ்பானியர் வருவதற்கு முன் அவர்கள் எழுதின எழுத்து அது. நம் எழுத்தைப் போலவே மெய்யோடு அகரம் சேர்ந்தே இருக்கும், மேலே குறி வைத்தால் இகரம் எகரம், கீழே வைத்தால் உகரம் ஒகரம். மாப்பிள்ளை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, தப்பா எழுதியிருக்காங்க, ப, ஹ, ல மட்டும் இருக்கு, நடுவுல த் இல்ல" என்றான். தப்பு இல்லை. பழைய முறையில் உயிர் சேராத மெய்யை எழுதவே மாட்டார்கள், படிக்கிறவன் போட்டுக்கொள்ள வேண்டும். மெய்க்குச் சிலுவைக் குறி வைக்கும் வழக்கத்தை 1620-இல் ஒரு ஸ்பானியப் பாதிரியார்தான் கொண்டுவந்தார். நம் ஓலைச்சுவடிகளிலும் புள்ளி வைக்காமல்தானே எழுதினார்கள்? தமிழ் தெரிந்தவனுக்குப் புள்ளி தானாக விழும். இந்தப் பெண் சிலுவைக் குறியை வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். எட்டில் இதுதான் ஆளுக்குள் போய் வேலை செய்கிற படம்.

அந்தப் பெயரும் நமக்கு அந்நியம் இல்லை. வடமொழியின் பட்டார என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். கீழக்குயில்குடி சமணர் மலை வட்டெழுத்தில் இருக்கிற 'படாரர்' அதன் தமிழ் வடிவம். மலையைப் பார்க்கக் கூட்டம் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு தடவை நோட்டீஸ் அடித்தபோது பிழை திருத்தப் படித்தது, இப்போது கைகொடுத்தது. இன்னொன்று, எங்கள் தொழில் சமாச்சாரம். தமிழில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வந்தது. மணிலாவில் 1593-இல் பைபாயின் எழுத்தோடு மரக்கட்டையில் அச்சான புத்தகமும் அதே ஜாதி, கிறிஸ்தவ வேத போதனை. இரண்டு ஊர் எழுத்தும் அச்சு மசியை முகர்ந்தது ஒரே காரியத்துக்காகத்தான்.

கடைசிப் படம் மரியா மாகிலிங். லகுனாவில் இருக்கிற மலையின் காவல் தெய்வம். தேவதை என்பதை அங்கே திவாதா என்கிறார்கள். மலையே ஒரு பெண் மல்லாந்து படுத்த மாதிரி தெரியும் என்பது ஊர்ப் பேச்சு. தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரே கோடு. நெற்றி, மூக்கு, நெஞ்சு, அப்புறம் சரிவு. பச்சைகூட இல்லை. நமக்கு இது புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்? மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டில் போனால் தும்பிக்கையை நீட்டிப் படுத்த யானையாக யானைமலை, இந்தப் பக்கம் நாகமலை, அந்தப் பக்கம் பசுமலை. மலையை மிருகமாகப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. சமணர் ஏவிவிட்டதென்று கதையும் கையில் இருக்கிறது.

வாங்கலாமா என்றால், மொத்தத் தொகுப்பு வேண்டாம். தனியாக எடுத்தால் படம் ஒன்று 150 பேசோ. பாகுனாவா, காப்ரே, பத்தாலா, மாகிலிங் நாலும் கொடுத்த காசுக்கு மேலேயே பெறும். சட்டையும் கோழியும் எனக்கு வேண்டாம். ஃபிரேம் போடுகிறவரிடம் மெல்லிய கறுப்புச் சட்டம், மினுங்காத கண்ணாடி என்று கேட்டு வாங்குங்கள். அவர் தங்கப்பூ வேலைப்பாட்டைத்தான் முதலில் நீட்டுவார்.

மாகிலிங்கைக் கடையில் என் சீட்டுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். போன மாதம் ஒத்தக்கடையிலிருந்து ஒரு டீக்கடைக்காரர் போர்டு அடிக்க வந்தார். அன்றைக்கு என்ன தோன்றியதோ, சிங்கம், கிரீடம் எதுவும் எடுக்காமல், பெயருக்கு மேலே யானைமலையை ஒரே கோட்டில் இழுத்துக் காட்டினேன். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "யானைமலைதானே? நல்லாருக்கு. ஒரு கண்ணு மட்டும் வச்சு விடுங்க. அந்த எடத்துல நம்ம பையன் போட்டோவும்."

கண் வைக்கவில்லை. பையன் போட்டோ வைத்தாகிவிட்டது.