கவுன் தேறும், கிளவுஸ் தேறாது: கிருஷ்ணகிரி வாடகைக் கடை ஒன்று

பெங்களூர் சாலைப் பக்கம் இருக்கும் இந்தக் கடை வந்த பிறகு, ரிசப்ஷன் கவுனுக்காக பெங்களூர் வரை அலைய வேண்டியதில்லை. ஆனால் எதை எடுப்பது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதுகில் ஜிப் வைத்ததைவிட நாடா கோத்துக் கட்டும் கவுன் நல்லது. இரண்டு அங்குலம் கூடக்குறைய இருந்தாலும் நாடா சமாளிக்கும். ஜிப் பல்லைக் காட்டிவிடும். தோள்பட்டை இல்லாத கவுன் என்றால் உள்ளே கொக்கி வைத்த இடுப்புப் பட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். மொத்த எடையையும் தாங்குவது அதுதான். இங்கே பல கவுன்களில் அது இல்லை. மேடையில் நிற்கும்போதெல்லாம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உயரம் பார்க்கும்போது அன்றைக்குப் போடப்போகும் ஹீல்ஸும், கேன்கேனும் (கவுனை விரித்துக் காட்டும் உள்பாவாடை) போட்டிருக்க வேண்டும். கேன்கேன் துணியை வெளியே தள்ளுவதால் முன்விளிம்பு மேலே ஏறும். தரைக்கு மேல் அரை அங்குலம் இருந்தால் கால் தடுக்காது.

சொதப்பல் கிளவுஸில்தான். கவுனோடு இலவசமாகத் தரும் ‘ஃப்ரீ சைஸ்’ சாட்டினில் விரல் நுனி காலியாகத் தொங்குகிறது. கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளைச் சுற்றி டேப் பிடியுங்கள்: 7 அங்குலம் என்றால் உங்கள் சைஸ் 7. நீளத்துக்கு ‘பட்டன்’ என்று ஒரு பழைய பிரெஞ்சுக் கணக்கு உண்டு. ஒரு பட்டன் ஏறக்குறைய ஓர் அங்குலம். தைத்திருக்கும் பட்டன்களின் எண்ணிக்கை அல்ல. முழங்கை தாண்டி ஏறும் ஆப்பரா கிளவுஸ் 16 பட்டன். கையில்லாத கவுனுக்கு அதுதான் எடுப்பு. மேற்கைச் சுற்றளவையும் அளந்து சொல்லுங்கள். லூஸாக இருந்தால் கேக் வெட்டுவதற்குள் முழங்கைக்கு இறங்கிவிடும், இறுக்கமாக இருந்தால் சதை பிதுங்கும். இறங்குவதைத் தடுக்க உள்விளிம்பில் இருபக்க டேப் ஒட்டலாம்.

போடும்போது நான்கு விரலை முதலில் நுழைத்து, கட்டைவிரலைப் பிறகு விடுங்கள். மேல்விளிம்பைப் பிடித்து இழுத்தால் தையல் விடும். மருதாணி நன்றாகக் காயாமல் வெள்ளைச் சாட்டினைத் தொடவே கூடாது. மோதிரம் உள்ளே, வளையல் கிளவுஸுக்கு மேலே. மேடையில் மோதிரம் மாற்றுவதாக இருந்தால் அந்த விரலின் பக்கத் தையலை மட்டும் முன்கூட்டியே பிரித்துவைக்கச் சொல்லுங்கள், கடையில் செய்து தருகிறார்கள்.

மணிக்கட்டில் மூன்று பட்டன் வைத்த கிளவுஸ் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பட்டனைக் கழற்றி உள்ளங்கையை வெளியே எடுத்து, விரல் பகுதியை மணிக்கட்டுக்குள் மடித்துவிடலாம். ஸ்பூனில் சாப்பிட அது போதும். இலை போட்டு ரசம் ஊற்றுகிற பந்தி என்றால் முழுதாகக் கழற்றி யாரிடமாவது கொடுத்துவிட்டு உட்காருங்கள்.