டோர் பீடிங்குக்கு எதைத் தடவலாம்? வாசலின், கிளிசரின், சிலிக்கான்

ஸ்பீட் பிரேக்கரில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்போது பின்கதவுப் பக்கம் 'கிறீச்' என்று கேட்கும். சஸ்பென்ஷன்தான் என்று நினைத்து நான் புஷ் எல்லாம் மாற்றினேன், சத்தம் அப்படியே இருந்தது. காரணம் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங். மேடு பள்ளத்தில் பாடி இம்மியளவு முறுகும். காய்ந்த ரப்பர் பெயின்ட்டில் ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். நமக்குக் கேட்பது அதுதான்.

எந்தக் கதவு என்று தெரிய முகப்பவுடர் போதும். ஒரு கதவின் பீடிங்கில் மட்டும் பூசி, அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் அடங்கினால் அந்தக் கதவுதான். ஒரு மழைக்குக்கூட பவுடர் தாங்காது, அதனால் சோதனைக்கு மட்டும் அது.

இன்றைய கார்களில் பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். வெயில், மழை, ஓசோன் எல்லாவற்றையும் தாங்கும். பெட்ரோலிய எண்ணெய் மட்டும் அதற்கு ஆகாது. உறிஞ்சி ஊதும், தளர்ந்துபோகும். அதனால் வாசலின், சாதா கிரீஸ், எஞ்சின் ஆயில் மூன்றும் வேண்டாம். தடவிய அன்று அமைதியாக இருப்பதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். டபிள்யூடி-40இன் வழக்கமான டப்பாவும் பெட்ரோலியம் சார்ந்ததே, பூட்டு, கீல் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் தூசியை இழுக்கும், சிக்கு வாடை வேறு.

கிளிசரின் பரவாயில்லை. மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும், ரப்பரைக் கெடுக்காது. ஆனால் தண்ணீரில் கரையும், ஒவ்வொரு வாட்டர் வாஷுக்குப் பிறகும் மறுபடி தடவ வேண்டும்.

மிஞ்சுவது சிலிக்கான். அதில் ஸ்ப்ரேயா, கிரீஸா? ஸ்ப்ரே சுலபம், ஆனால் படலம் மெல்லியது, சில வாரங்களில் தேயும். நேராக அடித்தால் கண்ணாடியில் படிந்து வைப்பர் இழுசும். துணியில் அடித்துத் துடையுங்கள். பெயின்ட் வேலைக்கு விடப்போகிறீர்கள் என்றால் சிலிக்கான் போட்டதை பெயின்ட்டரிடம் சொல்லிவிடுங்கள், அதன் மிச்சம் இருந்தால் புதுப் பெயின்ட்டில் குழி விழும். கண்ணாடி ஏறி இறங்கும் சேனலுக்கு மட்டும் ஸ்ப்ரேதான் சரி, கிரீஸ் போட்டால் கண்ணாடி முழுக்க அப்பிக்கொள்ளும்.

கதவு பீடிங்குக்கு என் ஓட்டு சிலிக்கான் கிரீஸுக்குத்தான். மாதக்கணக்கில் நிற்கும். கிரைடாக்ஸ் என்ற ஃப்ளோரின் வகை கிரீஸ் இன்னும் நன்றாக வேலை செய்யும், ஆனால் விலை பல மடங்கு.

தடவுவதற்கு முன் சுத்தம் செய்வதுதான் பாதி வேலை. என் வண்டி வேப்பமரத்தடியில் நிற்பது. பீடிங்கின் கீழ்மூலையை விரலால் விலக்கினால் மணலும் காய்ந்த பூவுமாக இருக்கும். ஷாம்பு தண்ணீர் தொட்ட துணியால், துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்து, நிழலில் உலரவிடுங்கள். அப்புறம் பட்டாணி அளவு கிரீஸ், ஒரு கதவுக்கு அவ்வளவுதான். விரலால் நீவி, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கதவு 'தடதட' என்று ஆடினால், ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் பீடிங் அமுங்கிப்போய்விட்டது, அங்கே கிரீஸ் உதவாது. மெக்கானிக்கிடம் சொல்லி லாக் ஸ்ட்ரைக்கரை (கதவின் பூட்டு போய் மாட்டும், பாடியில் இருக்கும் கொக்கி) அரை நூல் உள்ளே தள்ளச் சொல்லுங்கள். அப்போதும் வழுக்கினால் பீடிங்கை மாற்றிவிடுங்கள்.