ஸ்டீமா, பிளேஸ்டேஷன் ஸ்டோரா? ஹட்டனிலிருந்து கேம் வாங்குபவருக்கு

கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் இலங்கைக் கணக்குக்கு விலை டாலரில்தான் காட்டும். ஆனால் அது அமெரிக்க விலை அல்ல, தெற்காசியாவுக்கான தனி விலை. அதைத் தீர்மானிப்பது வெளியீட்டாளர்; சிலர் ஒரு சதமும் குறைப்பதில்லை. காசு வெட்டுப்படுவது வங்கியின் டாலர் விற்பனை விகிதத்தில். கூகுள் காட்டும் டாலர் விகிதத்தை நம்பி டெபிட் கார்டில் பணத்தை அளந்து போட்டால் பேமென்ட் விழாது.

பிளேஸ்டேஷனில் இலங்கை என்ற தெரிவே கிடையாது. இந்தியா, அமெரிக்கா என்று ஏதாவதொன்றில் கணக்குத் திறந்தால் பிறகு நாட்டை மாற்ற முடியாது. அந்த நாட்டு கிஃப்ட் கார்டையும் தேட வேண்டும். அமெரிக்க டிஸ்க்குக்கு இந்தியக் கணக்கில் வாங்கும் டிஎல்சி (கேமுக்கான கூடுதல் பகுதி) பெரும்பாலும் சேராது.

ரீஃபண்டில் ஸ்டீமே மேல்: 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் போதும். பிளேஸ்டேஷனில் டவுன்லோட் தொடங்கினாலே போச்சு. ஆட்டோ டவுன்லோடை முதலில் நிறுத்துங்கள்.